கராஜில் மாட்டும் எல்இடி ஷாப் லைட்டை வைத்துக் குளிர்காலத்தில் கறிவேப்பிலைச் செடியைக் காப்பாற்ற முடியுமா?

நீங்கள் சொல்லியிருப்பது: தொட்டியில் மூன்றடி உயரச் செடி, பேஸ்மென்ட்டில் ஜன்னல் இல்லை, செடி வளர்க்கவென்றே விற்கும் க்ரோ லைட் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது, கராஜுக்கு வாங்கிய நாலடி ஷாப் லைட் ஒன்று சும்மா கிடக்கிறது.

தாராளமாகக் காப்பாற்றலாம். நியூஜெர்சியில் எங்கள் வீட்டுச் செடிகள் குளிர்காலம் முழுக்க அந்த வெளிச்சத்தில்தான் ஓட்டுகின்றன. ஆனால் விளக்கை மாட்டியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். நான் பார்த்தவரை இந்தப் பக்கம் கறிவேப்பிலை போவது இருட்டால் குறைவு, குளிராலும் தண்ணீராலும்தான் அதிகம்.

முதலில் விளக்கு. வெள்ளை எல்இடிக்குள் இருப்பது நீல எல்இடிதான். அதன் மேல் பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பூச்சு, நீலத்தில் ஒரு பங்கைப் பச்சை, மஞ்சள், சிவப்பாக மாற்றிவிடுகிறது. ஆக 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளம் வரை இலைக்கு வேண்டியதெல்லாம் அதில் உண்டு, சிவப்பு மட்டும் சற்றுக் கம்மி. பச்சை ஒளி செடிக்கு உதவாது என்று பள்ளியில் படித்ததை மறந்துவிடுங்கள். கொஞ்சம்தான் திரும்பி வருகிறது, பெரும்பகுதியை இலை எடுத்துக்கொள்கிறது. வெளிச்சத்தின் நிறம் 4000 கெல்வினா 5000 கெல்வினா என்றும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், இருப்பதை மாட்டுங்கள்.

சிக்கல் அளவில்தான். ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்று அளப்பார்கள்; நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். 5000 லூமன் (விளக்கு விடும் மொத்த வெளிச்சம்) என்று போட்ட நாலடி விளக்கு, அரை அடி தள்ளி 10,000 லக்ஸைத் தாண்டும். ஒரு அடியில் 6000 வாக்கில் நிற்கும். மூன்றடி தள்ளிப் போனால் 1500 தேறுவதே கஷ்டம். கூரையில் மாட்டிவிட்டுச் செடியைத் தரையில் வைத்தால், நம் கண்ணுக்கு அறை பளிச்சென்று இருக்கும், செடிக்கு அது அந்தி நேரம். போனில் லக்ஸ் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, இலை இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். துல்லியமாக இருக்காது, ஆனால் மூன்றடிக்கும் அரை அடிக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும்.

உங்களுடையது மூன்றடிச் செடி. மேலிருந்து வெளிச்சம் விட்டால் உச்சிக் கொத்து எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும், அடியில் இருப்பவை மஞ்சளாகி உதிரும். அதனால் விளக்கைக் கிடையாகத் தொங்கவிடாமல் செங்குத்தாக நிறுத்துங்கள். கூடவே வரும் சங்கிலியில் ஒரு முனையைச் சுவரில் ஆணியடித்து மாட்டினாலே நிற்கும், இல்லையென்றால் பழைய கோட் ஸ்டாண்டில் கட்டுங்கள். விளக்குக்கும் இலைக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கட்டும். தொட்டியை வாரம் ஒருமுறை கால்வட்டம் திருப்பிவிடுங்கள். பின்பக்கம் வெள்ளை அட்டை ஒன்றை நிறுத்தினால் வீணாகப் போகும் வெளிச்சத்தில் கொஞ்சம் திரும்பி வரும்.

டைமர் போட்டு 14 மணி நேரம் எரியவிடுங்கள். இரவும் பகலும் எரியவிட வேண்டாம். 45 வாட் விளக்கென்றால் மாதம் சுமார் 19 யூனிட், யூனிட்டுக்கு 20 சென்ட் என்று வைத்தால் நாலு டாலருக்குள் வரும். இவ்வளவு செய்தாலும் கோடை வெயிலில் ஒரு நாளில் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. இலை தங்கும், ஒன்றிரண்டு துளிரும் வரலாம். தினமும் ரசத்துக்குக் கிள்ளலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள்!

இனி குளிர். இரவு 50 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கும் முன்பே செடி உள்ளே வந்துவிட வேண்டும். பேஸ்மென்ட் காற்று 65 காட்டினாலும் கான்கிரீட் தரை சில்லென்றுதான் இருக்கும். அதன்மேல் நேராக வைத்த தொட்டியில் வேர் அப்படியே முடங்கிவிடும், அப்புறம் எத்தனை விளக்கு மாட்டினாலும் துளிர் வராது. தொட்டியை ஒரு ஸ்டூலிலோ தடித்த தெர்மோகோல் பலகையிலோ ஏற்றுங்கள். முடங்கிய வேர் தண்ணீரும் குடிக்காது. கோடையில் தினம் ஊற்றிய கை சும்மா இருக்காதுதான், ஆனால் விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டு, மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். வசந்தம் வரை உரமே வேண்டாம். இலை கொட்டிப்போனாலும் தூக்கி எறியாதீர்கள். நகத்தால் தண்டை லேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

ஹீட்டர் ஓடும் வறண்ட காற்றில் சிலந்திப்பேன் (ஸ்பைடர் மைட்) என்ற நுண்ணிய பூச்சி வரும். இலையில் ஊசிமுனையால் குத்தியதுபோல வெளிர்ப் புள்ளிகள் தெரிந்தால், அடியில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் அதுதான். செடியை ஷவருக்குக் கீழே நிறுத்தி, இலையின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள், சில நாள் விட்டு மறுபடியும்.

போனால் போகட்டும், ஊரிலிருந்து வேறு கன்று கொண்டுவரலாம் என்ற யோசனையும் வேண்டாம். ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் சிட்ரஸ் சில்லிட் பூச்சி கறிவேப்பிலையிலும் தங்கும் என்பதால், கன்றையும் பச்சை இலையையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவர அமெரிக்காவில் தடை.

மார்ச்சில் உச்சியை வெட்டிவிட்டால் பக்கக் கிளை விடும், செடியும் குட்டையாகும், அடுத்த குளிருக்கு அதே விளக்கு போதும். மே மாதம் வெளியே எடுக்கும்போது நேரே வெயிலில் வைக்காதீர்கள். விளக்கடியில் வந்த இலை கருகிவிடும். முதல் வாரம் நிழலில், பிறகு காலை வெயில், அதற்கப்புறம்தான் முழு வெயில்.