மட்டமான நடிப்பு, ஒரே கதை, கையில் காசும் இல்லை: இந்த ஸ்லாஷர் படங்களை ஏன் தேடித் தேடிப் பார்க்கிறார்கள்?

கேள்வியில் இருக்கும் குற்றச்சாட்டு எல்லாமே சரிதான். முகமூடி போட்ட ஒருத்தன், கையில் கத்தி, ஒதுக்குப்புறமாக ஒரு வீடு, நாலைந்து இளவட்டங்கள். ஒவ்வொருத்தராகக் காலியாகி, கடைசியில் ஒரு பெண் மட்டும் மிச்சம். நடிப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். இத்தனையும் தெரிந்துதான் பார்க்கிறோம்.

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் என் பிழைப்பு. அதனால் இந்தப் படங்கள் மேல் எனக்கு இருக்கும் பிரியத்தில் பாதி ரசிகனுடையது, பாதி தொழில்காரனுடையது. இரண்டு பேரையும் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: இந்த வகைப் படங்களில் பயம் வருவதே காசில்லாததால்தான்.

1978-ல் வந்த ஹாலோவீனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் கார்ப்பென்டர் இயக்கம், அவரும் டெப்ரா ஹில்லும் சேர்ந்து எழுதியது. செலவு சுமார் 3 லட்சம் டாலர். அன்றைய ஹாலிவுட் கணக்குக்கே இது சில்லறைக் காசு. கதை நடப்பது இல்லினாய் மாநிலத்தில் ஒரு சிற்றூரில், அக்டோபர் மாதக் கடைசியில். படம் பிடித்ததோ கலிஃபோர்னியாவில், வசந்த காலத்தில். மரமெல்லாம் பச்சைப் பசேல் என்று நிற்கிறது. இலையுதிர் காலத்துக்கு எங்கே போவது? காகிதத்தில் இலை செய்து, வண்ணம் அடித்து, தெருவில் கொட்டினார்கள். ஷாட் முடிந்ததும் அத்தனையையும் பொறுக்கி மூட்டை கட்டி, அடுத்த ஷாட்டுக்கு மறுபடி கொட்டினார்கள். உற்றுப் பார்த்தால் சில இடங்களில் பின்னால் உயரமான பனை வகை மரங்கள் தெரியும். இல்லினாயில் ஏதய்யா பனை!

முகமூடி விஷயம் இன்னும் வேடிக்கை. கலை வேலை பார்த்த டாமி லீ வாலஸ் கடையில் போய் இரண்டு டாலருக்கும் குறைவாக ஒரு ரப்பர் முகமூடி வாங்கி வந்தார். ஸ்டார் ட்ரெக் தொடரின் கேப்டன் கர்க், அதாவது வில்லியம் ஷாட்னரின் முகம். புருவத்தையும் கிருதாவையும் பிய்த்தார், கண் ஓட்டையைப் பெரிதாக்கினார், வெள்ளை ஸ்ப்ரே பெயின்ட் அடித்தார். வில்லன் ரெடி. காசு இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? ஒரு சிற்பியைக் கூப்பிட்டுக் கோரைப்பல், தழும்பு, வெந்த சதை என்று செதுக்கச் சொல்லியிருப்பார்கள். அதைப் பார்த்தவுடனே ‘ஓ, இவன் கெட்டவன்’ என்று மனசு ஒரு முடிவுக்கு வந்து நிம்மதியாகிவிடும். இந்த வெள்ளை மூஞ்சியில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. என்ன நினைக்கிறான் என்றே தெரியாத ஒருத்தன் பட்டப்பகலில் துணி காயப்போடும் கொடி ஓரமாக நின்று பார்க்கிறான். அவ்வளவுதான். வயிற்றைப் பிசைகிறது.

தொழில்காரனாக நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. கதாநாயகி ஜேமி லீ கர்டிஸ் தோழிகளின் பிணங்களைப் பார்த்துவிட்டு, அழுதுகொண்டே சுவரோரம் சாய்ந்து நிற்கிறார். பக்கத்தில் ஒரு வாசல், உள்ளே கும்மிருட்டு. அந்த இருட்டில் மெல்ல மெல்ல, பால் திரிவது மாதிரி, வெள்ளையாக ஏதோ ஒன்று திரண்டு முகமாகிறது. ஒளிப்பதிவாளர் டீன் கண்டி அங்கே செய்தது ஒரு சின்ன விளக்கை டிம்மரில் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியது மட்டும்தான். கிராஃபிக்ஸ் கிடையாது, ரத்தம் கிடையாது. எங்கள் தொழிலில் இந்தப் பாக்கியம் இல்லை. மண்டபத்தில் மூலை முடுக்கெல்லாம் சமமாக வெளிச்சம் அடிக்காவிட்டால் ‘பெரியப்பா மூஞ்சி தெரியலையே தம்பி’ என்று ஆல்பம் வாங்க வரும்போது சண்டைக்கு நிற்பார்கள். இருட்டை இருட்டாகவே விட்டுவைக்கும் சுதந்திரம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று, இத்தனை வறுமையிலும் பானாவிஷன் அகலத்திரையில் எடுத்தார்கள். அதில் கஞ்சத்தனம் பண்ணவில்லை. ஒரு பெண் திரையின் இடது ஓரத்தில் போன் பேசிக்கொண்டிருப்பாள், வலது பக்கம் முழுக்கக் காலி. அந்தக் காலி இடத்தை நம் கண் விடாது. அங்கே ஒன்றுமே வராமல் போகும் தடவைதான் அதிகம். ஆனாலும் காவல் காத்துக்கொண்டே இருப்போம். இதற்கு ஒரு டாலர்கூடச் செலவில்லை.

இசை பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். கார்ப்பென்டர் பின்னணி இசையும் சத்தமும் சேர்க்காமல் படத்தை ஒரு ஸ்டூடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டினார். அந்த அம்மாவுக்குக் கொஞ்சம்கூடப் பயம் வரவில்லை. இசையை வைத்துத்தான் படத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று அப்போது முடிவு செய்ததாகக் கார்ப்பென்டரே சொல்லியிருக்கிறார். இசையமைப்பாளருக்குக் கொடுக்கக் காசு எங்கே? தானே உட்கார்ந்து மூன்றே நாளில் போட்டார். சின்ன வயதில் அப்பா பாங்கோ மேளத்தில் சொல்லிக்கொடுத்த ஐந்து அடித் தாளம். வாயால் சொல்லிப் பாருங்கள்: தகிட தகிட தக தக, தகிட தகிட தக தக. நம் மிருதங்கக்காரர்களுக்கு இது பழகிய கண்ட நடைக் கணக்குதான். ஆனால் நாலடியிலேயே ஊறிய அமெரிக்கக் காதுக்கு எப்போதும் ஒரு கால் தடுக்குவது மாதிரியே இருக்கும். ஓடுகிறவனுக்கு மூச்சு சீராக வராதது போல.

அடுத்து நடிகர்கள். போஸ்டரில் பெரிய முகம் இருந்தால் அவர் இடைவேளைக்கு முன் சாக மாட்டார் என்று குழந்தைக்கும் தெரியும். ஹாலோவீனில் ஓரளவு பெயர் உள்ளவர் டொனால்ட் ப்ளெஸன்ஸ் ஒருத்தர்தான், அவரும் சில நாட்கள் மட்டும் வந்து நடித்துவிட்டுப் போனார். ஜேமி லீ கர்டிஸுக்கு அதுதான் முதல் படம். அவருடைய அம்மா ஜேனட் லீயைத்தான் 1960-ல் ஹிட்ச்காக் சைக்கோ படத்தின் குளியலறையில் பாதிப் படத்துக்குள் கொன்றார். ‘யாரும் தப்ப முடியாது’ என்று ரசிகனை நம்பவைக்க ஹிட்ச்காக் ஒரு நட்சத்திரத்தையே பலி கொடுக்க வேண்டியிருந்தது. நட்சத்திரமே வாங்க வக்கில்லாத படங்களுக்கு அது ஓசியில் கிடைத்துவிட்டது. முகம் தெரியாத ஆறு பேர் வந்து நின்றால், யார் பிழைப்பார் என்று பந்தயம் கட்டலாம். நாங்கள் கட்டுவோம், ஒரு டீக்கு.

ஹாலோவீன் அமெரிக்காவில் மட்டும் சுமார் 4 கோடியே 70 லட்சம் டாலர் அள்ளியது. அவ்வளவுதான், ஊரில் கேமரா வைத்திருந்தவனெல்லாம் கத்தியைத் தூக்கினான். அதில் தேறியது 1980-ன் ஃப்ரைடே தி தேர்ட்டீன்த். இயக்குநர் ஷான் கன்னிங்ஹாம் முதலில் தலைப்பை மட்டும் வைத்துப் பத்திரிகையில் பெரிய விளம்பரம் கொடுத்தார், கதையெல்லாம் பிறகு. இப்படிப்பட்ட துணிச்சலைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, சிரிப்புதான் வருகிறது. சுமார் ஐந்தரை லட்சம் டாலர் செலவில் நியூஜெர்சியில் ஒரு நிஜ சாரணர் முகாமில் எடுத்தார்கள்.

இதில் கெவின் பேக்கன் சாகும் காட்சி இருக்கிறது. அப்போது அவர் யாரோ ஒரு பையன். கட்டிலில் படுத்திருப்பார், அடியிலிருந்து ஒரு கை வந்து நெற்றியைப் பிடிக்கும், தொண்டை வழியாக அம்பு முனை மேலே வரும். எடுத்த விதம் இதுதான்: பேக்கன் கட்டிலுக்கு அடியில் மண்டியிட்டு, மெத்தையில் போட்ட ஓட்டை வழியாகத் தலையை மட்டும் நீட்டியிருக்கிறார். கழுத்தும் மார்பும் ரப்பர். அடியில் ஒப்பனைக் கலைஞர் டாம் சவினி அம்பைத் தள்ள, அவருடைய உதவியாளர் ரத்த பம்பை இயக்க வேண்டும். சரியாக அந்த நேரம் பார்த்துக் குழாய் கழன்றுவிட்டது. ரப்பர் கழுத்து அந்த ஒன்றுதான் இருக்கிறது, இன்னொரு டேக் கிடையாது. உதவியாளர் குழாயை வாயில் வைத்து ஊதிவிட்டார். அதனால்தான் அந்த ரத்தம் இயந்திரம் மாதிரி சீராகப் பீய்ச்சாமல் குபுக் குபுக்கென்று வருகிறது, பார்க்க அசல் மாதிரி இருக்கிறது. சவினி வியட்நாம் போரில் புகைப்படக்காரராக இருந்தவர். நிஜப் பிணங்களைப் பார்த்த கண் அது.

இந்த மாதிரி விஷயம் தெரிந்த பிறகு படம் பார்க்கும் அனுபவமே வேறு. ஒரு பக்கம் பயம், இன்னொரு பக்கம் ‘எப்படிடா பண்ணினான்’ என்ற ஆச்சரியம். கணினியில் செய்த ரத்தத்தில் இந்த இரண்டாவது சுகம் இல்லை. அங்கே எப்படிப் பண்ணினான் என்பதற்கு ஒரே பதில்தான்: கம்ப்யூட்டர்ல.

தனியாகப் பார்க்க வேண்டிய படங்களும் இல்லை இவை. டெக் வாடகைக்கு எடுத்துத் தெருவே கூடிப் பார்த்த காலத்து ஆட்களுக்குப் புரியும். கூட்டமாக உட்கார்ந்து ‘ஏய் அங்க போகாதடி’, ‘லைட்டைப் போடுடி மொதல்ல’, ‘கத்தியை ஏன் கீழ போடுற, லூசு’ என்று கத்துவதில்தான் பாதிப் படம். பாத்திரங்கள் முட்டாள்தனமாக நடந்துகொள்வது குறை இல்லையா என்று கேட்டால், திரையோடு சண்டை போட நமக்கு இடம் வேண்டாமா?

நமக்கும் இதில் ஒரு கிளை உண்டு. 1984-ல் மணிவண்ணன் எடுத்த நூறாவது நாள் ஓர் இத்தாலியப் படத்தின் பாதிப்பில் உருவானது. ஸ்லாஷருக்கே மூத்த வகையறா என்று சொல்லத்தக்கவை அந்த இத்தாலியக் கொலைப் படங்கள். மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாக வந்த சத்யராஜை அந்தத் தலைமுறை இன்னும் மறக்கவில்லை. இங்கேயும் பயம் காட்ட ஒரு சவரக் கத்தியும் ஒரு கண்ணாடியும்தான் தேவைப்பட்டன, மீதியை இளையராஜா பார்த்துக்கொண்டார்.

பெண்களை வெட்டுவதை ரசிக்கும் வக்கிரம்தானே இது என்ற கேள்வி எப்போதும் வரும். நியாயமான கேள்வி. அமெரிக்க விமர்சகர்கள் சிஸ்கலும் ஈபர்ட்டும் 1980-ல் தங்கள் டிவி நிகழ்ச்சியில் ஒரு எபிசோட் முழுவதையும் இந்தப் படங்களைத் திட்டவே ஒதுக்கினார்கள். அவர்களே ஹாலோவீனை மட்டும் தனியாக எடுத்துப் பாராட்டவும் செய்தார்கள். எனக்கும் அந்தப் பாகுபாடுதான் சரி. பிறகு கேரல் க்ளோவர் என்ற பேராசிரியை வேறு ஒரு கோணத்தைக் காட்டினார். கொட்டகையில் இருக்கும் இளைஞர்கள் கடைசியில் மிஞ்சுகிற அந்தப் பெண்ணின் இடத்தில்தான் தங்களை வைத்துப் பார்க்கிறார்கள், கொலைகாரனின் இடத்தில் இல்லை என்றார் அவர். ஹாலோவீனின் தொடக்கக் காட்சி கொலைகாரனின் கண் வழியாக ஓடுவது உண்மை. ஆனால் முடிவில் நாம் அலமாரிக்குள் அந்தப் பெண்ணோடு ஒடுங்கி உட்கார்ந்து, கையில் ஒரு துணி ஹேங்கரை ஆயுதமாக வளைத்துக்கொண்டிருக்கிறோம். படம் நம்மைக் கட்சி மாற்றிவிடுகிறது. இதைச் செய்யாத, கத்தியின் பக்கமே கடைசிவரை நிற்கிற படங்களும் டஜன் கணக்கில் உண்டு. அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

காசில்லாமையைக் கொண்டாடும்போது எனக்கே உறுத்தும் இடம் ஒன்று உண்டு. 1974-ன் டெக்சாஸ் செயின் சா மாஸக்கர். டோப் ஹூப்பர் அதை டெக்சாஸின் கோடை வெயிலில் எடுத்தார். அதில் வரும் விருந்துக் காட்சிக்காக ஜன்னல்களை மூடி, விளக்குச் சூட்டில், நாற்றமெடுத்த இறைச்சிக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு முழு நாளைத் தாண்டி இடைவிடாமல் படம் பிடித்தார்கள். கத்தியில் பொருத்திய போலி ரத்தக் குழாய் வேலை செய்யாததால் நாயகி மேரிலின் பர்ன்ஸின் விரலை நிஜமாகவே கீறிவிட்டார் எதிரே நடித்தவர். படம் ஓடிய ஓட்டத்துக்கு ஏற்ற பணமும் நடிகர்கள் கைக்கு வந்து சேரவில்லை. திரையில் அந்தப் பெண் அலறுவது உலுக்குகிறது என்றால், அதில் எவ்வளவு நடிப்பு என்று கேட்க வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் படத்தில் ரத்தம் ரொம்பக் குறைவு. பார்த்தவர்கள்தான் ஆறாக ஓடியதாகச் சத்தியம் செய்வார்கள்.

இப்போதைய ஆட்களில் டேமியன் லியோனின் டெரிஃபையர் வரிசையைச் சொல்வார்கள். ஒப்பனை, எடிட்டிங் எல்லாம் தானே செய்து தொடங்கியவர். இரண்டாம் பாகத்தில் ஒரே ஒரு காட்சிக்காக இணையத்தில் ரசிகர்களிடம் நிதி கேட்டார், கேட்டதைவிடப் பல மடங்கு கொட்டியது. 2024-ல் வந்த மூன்றாம் பாகம் வெளியான வாரம் அமெரிக்க வசூலில் முதலிடம். உழைப்புக்குக் கும்பிடு போடுகிறேன், படம் எனக்கு ஒட்டவில்லை. இரண்டாம் பாகம் இரண்டேகால் மணி நேரத்துக்கும் மேல். ஸ்லாஷர் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட வேண்டும், வெட்டு எங்கே விழவேண்டும் என்று தெரியாதவன் கத்தி எடுக்கக் கூடாது. எடிட்டர் புத்தி, மன்னிக்கவும்.

புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் ஹாலோவீனில் ஆரம்பியுங்கள், 1978-ல் வந்தது, அடுத்தடுத்த பாகங்கள் இல்லை. விளக்கை அணைத்துவிட்டு, செல்போனில் இல்லாமல் டிவியில் பாருங்கள். செல்போன் திரையில் அந்த இருட்டு வாசல் வெறும் கறுப்புக் கட்டமாகத்தான் தெரியும். அடுத்து ஃப்ரைடே தி தேர்ட்டீன்த் முதல் பாகம், யாராவது வந்து கொலைகாரன் யார் என்று உளறுவதற்கு முன்னால். டெக்சாஸ் படத்தைச் சாப்பிட்ட கையோடு பார்க்க வேண்டாம்.