அரக்குச் சேலை ஏன் கறுத்தது?

கேள்வி: மானிட்டரைக் கருவி வைத்து கேலிப்ரேட் செய்துவிட்டுத்தான் (நிறம் சரிபார்த்துத்தான்) கல்யாண ஆல்பம் போடுகிறேன். இருந்தும் பிரிண்ட் இருட்டாக வருகிறது. மணப்பெண்ணின் அரக்குச் சேலை காப்பிப்பொடி நிறத்தில் இருப்பதாகப் பெண் வீட்டில் சண்டை. பிரிண்ட் போட்ட லேபில் கேட்டால் "இங்கே சரியாகத்தான் தெரிகிறது" என்கிறார்கள். யார் சொல்வது சரி?
– ஸ்டூடியோக்காரர், கும்பகோணம்

பதில்: எல்லாரும் சொல்வது சரிதான். மானிட்டரைச் சரிசெய்த நீங்கள், அறையை அப்படியே விட்டுவிட்டீர்கள். பட்டெடுக்கப் போனால் பெரியம்மாக்கள் கடை விளக்கை நம்பாமல் சேலையை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போவார்களே, அந்தப் புத்தி நமக்கு ஸ்டூடியோவுக்குள் வராது.

எனக்கும் வரவில்லை. கண்ணுக்குக் குளிர்ச்சி என்று எடிட்டிங் அறைக்குக் கிளிப்பச்சை அடித்தேன். அந்த முகூர்த்த சீசன் முழுக்க என் மாப்பிள்ளைகள் லேசாகப் பாசி பிடித்த மாதிரி இருந்தார்கள். சுவர்ப் பச்சைக்குக் கண் பழகிவிட்டதால், திரையில் ஒழுங்காக இருந்த முகம் எனக்கு ரோஸாகத் தெரிந்திருக்கிறது. ரோஸைக் குறைக்கிறேன் பேர்வழி என்று பச்சையை ஏற்றித் தள்ளியிருக்கிறேன். லேபோடு மல்லுக்கு நின்றதுதான் மிச்சம். இப்போது என் சுவர் வெறும் சாம்பல் நிறம். போட்டுக்கொள்ளும் சட்டைகூட அடர் சிவப்பு கிடையாது.

இருட்டுக்கு வருவோம். மானிட்டர் தானே ஒளி விடுகிறது; பிரிண்டுக்கு அறை வெளிச்சம்தான் கதி. திரையை முழு பிரைட்னஸில் வைத்து எடிட் செய்தால் படம் எப்போதும் போதுமான வெளிச்சத்தோடு இருப்பது போலவே தோன்றும்; இருட்டான படத்தை அப்படியே அனுப்பிவிடுவீர்கள். திரையின் பிரகாசத்தை சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் (திரை விடும் ஒளியின் அளவு) வையுங்கள். அந்த அளவை உங்கள் கருவியே காட்டும். லேப்காரர் பார்ப்பது 5000 கெல்வின் விளக்கில், அதாவது பகல் வெளிச்சம் மாதிரியான வெள்ளை விளக்கில். பிரிண்டைப் பார்க்கும் வெளிச்சத்துக்கான ஐஎஸ்ஓ 3664 தரப்படி நுணுக்கமாக ஒப்பிட 2000 லக்ஸ் (பிரிண்ட் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு), சாதாரணமாகப் பார்க்க 500 லக்ஸ். ராத்திரி நம் வீட்டுக் கூடத்தில் 500 லக்ஸே பெரிய விஷயம்.

அடுத்து அரக்கு. மலிவான எல்இடி பல்புகள் அடர் சிவப்பில்தான் கோட்டை விடும். பெட்டியில் "சிஆர்ஐ 80" என்று போட்டிருப்பார்கள். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு பல்பு வாங்கும் மார்க் அது. 8 வெளிறிய நிறங்களில் வாங்கியதன் சராசரிதான். பளிச்சென்ற சிவப்பு, ஆர்9 என்று, அந்தக் கணக்கில் சேராமல் தனியே நிற்கிறது. 80 வாங்கிய பல்பும் அதில் பூஜ்யத்தை ஒட்டி வாங்கலாம். அரக்கு, மாதுளைமுத்து, குங்குமச் சிவப்பு எல்லாம் அதன் அடியில் செத்துப்போகும். அந்த ஆல்பத்தைப் பகலில் பெண் வீட்டு ஜன்னலோரம் விரித்துக் காட்டுங்கள். அங்கேயும் காப்பிப்பொடியாகவே இருந்தால் லேபுக்குத் திரும்பப் போகலாம்.

கேள்வி: அனுப்பிய படமெல்லாம் மஞ்சளாக இருக்கிறது என்று இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் திட்டுகிறார்கள். என்ன செய்ய?
– திண்டுக்கல் வாசகி

பதில்: அவர்கள் போனில் ராத்திரியானால் திரையை மஞ்சளாக்கும் நைட் மோட் ஓடிக்கொண்டிருக்கும். அதை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், படங்களைக் காலையில் அனுப்புங்கள்.