யானை கட்டாயம் கண்ணில் படுமா சார்? காட்டுக்கும் மாட்டுப் பண்ணைக்கும் கிளம்புகிறவர்களுக்கு

விடுமுறை நெருங்கினால் போதும், தெரிந்தவர்களெல்லாம் இதே கேள்விகளோடு வருகிறார்கள். கால்நடைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மாடுகளுக்குத் தடுப்பூசி போடப் போய்ப் போய்த்தான் காடு பழகியது. இந்த முறை வந்த கேள்விகளுக்கு மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஓசூரிலிருந்து இரண்டு பிள்ளைகளின் அப்பா: யானை கட்டாயம் கண்ணில் படுமா சார்? பிள்ளைகளிடம் சொல்லி வைத்துவிட்டேன்.

முதலில் அந்த வாக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ராகி கதிர் முற்றும் நாட்களில் கர்நாடகத்துப் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக இறங்கும். சில கூட்டம் சூளகிரி வரைகூடப் போகும். ஆனால் அது வேடிக்கை பார்க்கிற சமாச்சாரம் இல்லை. அந்த நேரத்தில் விவசாயி தூங்காமல் பரண்மேல் உட்கார்ந்திருப்பார். அவர் பட்டாசு வெடித்து விரட்டிக்கொண்டிருக்க, நாம் போய்க் கைபேசியை நீட்டிக்கொண்டு நிற்பது நன்றாகவா இருக்கும்?

என் பேரப்பிள்ளைகளை ஒருமுறை வழிகாட்டி ஒருவருடன் காட்டோரம் கூட்டிப்போனேன். யானை வரவே இல்லை. பாதையில் யானை லத்தி, அதாவது அதன் சாணம், கிடந்தது. அவர் குச்சியால் அதைப் பிட்டுக் காட்டினார். உள்ளே மூங்கில் நார், புளியங்கொட்டை, உடையாத ஒரு விளாம்பழ ஓடு. மேலே காய்ந்திருந்தது, நடுவில் ஈரம். "ராத்திரி போயிருக்குதுங்க" என்றார். கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தில், என் தலைக்கு மேலே இன்னொரு முழ உயரத்தில் சேறு அப்பியிருந்தது. முதுகைத் தேய்த்த இடம். சின்னவன் எம்பி எம்பிப் பார்த்தும் கை எட்டவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அந்த விளாம்பழ ஓட்டைப் பற்றித்தான் பேச்சு. அதற்கு முன்பு பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவில் பஸ்ஸில் உட்கார்ந்தபடி சிங்கமே பார்த்தவன் அவன்! (அங்கே போவதானால் செவ்வாய்க்கிழமை விடுமுறை, நினைவிருக்கட்டும்.)

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, ராத்திரி ஜீப்பில் காட்டுக்குள் கூட்டிப்போகிறோம் என்று ஒருவர் சொல்கிறார். போகலாமா?

வேண்டாம் தம்பி. நம் பக்கத்துக் காட்டில் ஒரு பெரிய பகுதி 2014-ல் அறிவித்த காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம், சுமார் 504 சதுர கிலோமீட்டர். 2022-ல் காவிரி தெற்குச் சரணாலயமும் சேர்ந்துகொண்டது. அனுமதி இல்லாமல் உள்ளே போனால் வழக்கு உங்கள் மேல்தான், ஜீப்காரர் நழுவிவிடுவார். வனத்துறை 2024-ல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. இணையத்தில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். நம் பக்கத்தில் குத்திராயன் மலை அதில் ஒன்று. ஆனால் அது நல்ல ஏற்றம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போகிற இடமில்லை.

பாலக்கோட்டிலிருந்து ஒரு அம்மா: ஓசூர் பக்கத்து மத்திகிரி கால்நடைப் பண்ணைக்குப் போகிறோம். எங்கள் வீட்டிலும் இரண்டு மாடு இருக்கிறது. கவனிக்க ஏதாவது உண்டா?

கேட்டீர்களே, அதற்கே நன்றி அம்மா. என்னிடம் இதுவரை யாருமே கேட்காத கேள்வி. தொழுவத்தில் போடுகிற செருப்போடு பண்ணைக்குப் போகாதீர்கள், பண்ணைக்குப் போட்ட செருப்போடு தொழுவத்துக்குள் வராதீர்கள். கோமாரி நோய்க் கிருமி நம் செருப்பில், துணியில், கையில் ஒட்டிக்கொண்டே ஊர் விட்டு ஊர் போகும். வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி இருந்தால் தாண்டிக் குதிக்காமல் காலை நனைத்துவிட்டுப் போங்கள். வீட்டுக்கு வந்ததும் குளித்துத் துணி மாற்றிவிட்டு மாட்டிடம் போங்கள்.

அந்தப் பண்ணை 1824-ல், பட்டாளத்துக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கியது. 1,600 ஏக்கருக்கு மேல். செந்நிறச் சிந்தி மாடுகளை அங்கே நிதானமாகப் பாருங்கள். அரசுப் பண்ணை என்பதால் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கிவிடுங்கள். திடுமெனப் போய் வாசலில் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காவேரிப்பட்டினத்திலிருந்து: மகளுக்கு ஐந்து வயது. குதிரையைத் தொட வேண்டும் என்கிறாள்.

பராமரிப்பவர் சரி என்றால் மட்டும். பின்பக்கமாகப் போகவே கூடாது. குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருக்கிறது, நேர் பின்னால் நிற்பது அதற்குத் தெரியாது. தோள்பட்டைப் பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே போய்க் கழுத்தைத் தடவலாம். கன்று ஈன்ற பசுவிடம் அதுவும் வேண்டாம். சாதுவான மாடுதான் அன்றைக்கு முட்டும்.

தர்மபுரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஆலம்பாடி மாடு இன்னும் இருக்கிறதா ஐயா?

இருக்கிறது, குறைந்துவிட்டது. பென்னாகரம் பக்கத்துக் காவிரிக் கரைக் காட்டுக்கே உரிய மாடு. சாம்பலும் கருமையும் கலந்த நிறம், புடைத்த நெற்றி. காட்டில் பட்டி போட்டு மேய்த்து வளர்த்ததால் காய்ந்த தீவனத்திலும் தாக்குப்பிடிக்கும். பால் குறைவு, உழவுக்கும் வண்டிக்கும்தான் பேர்போனது. டிராக்டர் வந்தது, காட்டு மேய்ச்சலும் சுருங்கியது, பட்டிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. இந்த இனத்துக்கென்றே உங்கள் தர்மபுரி மாவட்டத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. என்னைக் கேட்டால், காட்டில் சிறுத்தையைத் தேடுவதைவிட ஒரு நல்ல ஆலம்பாடி எருதைப் பார்த்துவிட்டு வருவது மேல்.

ஊத்தங்கரையிலிருந்து: ஒகேனக்கல் முதலைப் பண்ணையில் எல்லா முதலையும் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறதே, கோபமா?

கோபமெல்லாம் இல்லை. அதற்கு வியர்க்காது, வாய் வழியாகச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அப்புறம், பரிசல் ஏறினால் மிதவைச் சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு படம் எடுக்காதீர்கள். நீர்வரத்து கூடிப் பரிசலை நிறுத்திவிட்டார்கள் என்றால் பேசாமல் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். போகிற வழியில் பென்னாகரம் தாண்டிக் காட்டுச் சாலையில் இறங்கிக் குரங்குக்குத் தீனி போடவும் வேண்டாம்.

அரூரிலிருந்து: என்ன நிற உடை போடுவது?

பச்சை, காக்கி, மண் நிறம். செண்ட் வேண்டாம்.

போச்சம்பள்ளியிலிருந்து: அம்மாவுக்கு எழுபது வயது. கூட்டிப்போனால் சிரமமா?

காட்டு நடைக்கு வேண்டாம், பண்ணைக்குக் கட்டாயம் கூட்டிப்போங்கள். என் அம்மாவை ஒருமுறை கூட்டிப்போயிருந்தேன். சுற்றிக் காட்டிய பையன் ஒரு கிடேரியைக் காட்டி இனம், எடை என்று மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தான். அம்மா நடுவில் புகுந்து, "எத்தனை பல்லு?" என்றார். பையன் முழித்தான். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல்லே கிடையாது. கீழே பால்பல் விழுந்து இரண்டு பல் போட்டால் சுமார் இரண்டு வயது, எட்டும் சேர்ந்தால் நாலு, ஐந்து வயது என்று அம்மா அவனுக்கு விளக்க ஆரம்பித்தார். எங்களோடு வந்த மற்றக் குடும்பங்கள் பையனை விட்டுவிட்டு அம்மா பின்னாலேயே நடந்தார்கள்.