இளங்கலை இல்லாமல் முதுகலை – கடிதம்

வணக்கம் ஐயா,

எனக்கு 44 வயது. ஊரில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு ஒர்க் பெர்மிட்டில் சிங்கப்பூர் வந்தேன். முதலில் கப்பல் பட்டறை, அப்புறம் கட்டுமானம். இங்கேயே படித்து சேஃப்டி கோஆர்டினேட்டர், பிறகு சேஃப்டி ஆபீசர் ஆனேன். இப்போது குடியுரிமையும் கிடைத்துவிட்டது. என்னிடம் வேலை பழகிய பையன் பட்டதாரி என்பதால் மேனேஜராகிவிட்டான். எனக்கு டிகிரி இல்லை என்கிறார்கள். அனுபவத்தை வைத்து நேராக எம்.பி.ஏ. சேரலாம், ஒரே வருடம் என்று ஓர் ஏஜென்ட் சொல்கிறார். ஆனால் ஊரில் பெரியப்பா மகன் பி.ஏ. இல்லாமல் எம்.ஏ. வாங்கி, அது செல்லாது என்று அலைந்ததைப் பார்த்தவன் நான். போன மாதம் மழைக்குப் பிறகு கிரேனைத் தாங்கும் கால்களுக்கு அடியில் போடும் அவுட்ரிகர் பிளேட் ஒரு பக்கம் அமுங்குவதைப் பார்த்து லாரி கிரேன் வேலையை நிறுத்தினேன். சுமை தூக்கும் பிளான் சரியாகத்தானே இருக்கிறது என்று எல்லோரிடமும் திட்டு. இந்த அனுபவத்துக்கெல்லாம் மதிப்பே இல்லையா?

கே., உட்லண்ட்ஸ்

அன்புள்ள கே.,

சேரலாம். ஏஜென்ட் சொன்னதில் அது மட்டும் உண்மை. ஆனால் வாங்குகிற பட்டத்தை யாரிடம் கொண்டுபோய்க் காட்டப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

உங்கள் பெரியப்பா மகனுக்கு நேர்ந்தது தமிழ்நாட்டில் பலருக்கும் நேர்ந்தது. இளங்கலை இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழக முறையில் வாங்கிய முதுகலை, அரசுப் பணிக்குச் செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊருக்குத் திரும்பி அரசு வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடலாம். இங்கே நிலைமை வேறு. வெளிநாட்டுப் பட்டம் செல்லும், செல்லாது என்று முத்திரை குத்தும் மைய அமைப்பு சிங்கப்பூரில் இல்லை. வேலை கொடுப்பவர்தான் முடிவு செய்கிறார். அதனால் உங்கள் எச்ஆருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். இளங்கலை இல்லாத முதுகலையை மேனேஜர் பதவிக்கு ஏற்பீர்களா என்று நேராகக் கேளுங்கள். வாய்வார்த்தை போதாது, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பாலத்தைத் தாண்டினால் மலேசியாவில் அனுபவத்தை மதிப்பிட்டுப் படிப்பில் சேர்ப்பதற்கென்றே ‘ஏபெல்’ (APEL) என்ற தேசிய முறை இருக்கிறது. முதுகலைக்கு 30 வயதைக் கடந்திருக்க வேண்டும், டிப்ளமோ அளவிலாவது படிப்பு வேண்டும், துறை அனுபவம் வேண்டும். அதை வாயால் சொன்னால் ஆகாது. தேர்வு எழுதி, அனுபவத்தை ஆதாரங்களோடு கோப்பாகத் தொகுத்துக் கொடுத்து, நேர்காணலுக்கும் போக வேண்டும். பிரிட்டனில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே பார்த்து முடிவெடுக்கும். அமெரிக்காவில் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் சில இணையவழி முதுகலைகளுக்குப் பழைய பட்டத்தையே கேட்பதில்லை. முதல் சில பாடங்களில் நல்ல தரம் எடுத்தால் உள்ளே விட்டுவிடுகிறார்கள். ஆனால் அவை பெரும்பாலும் டேட்டா சயின்ஸ், கணினி மாதிரியான படிப்புகள். உங்களுக்கு எதற்கு?

உங்கள் துறைக்குள்ளேயே வழி இருக்கிறது. பணியிடப் பாதுகாப்புக்குத் தேர்வு நடத்தும் பிரிட்டிஷ் அமைப்பான நெபோஷின் (NEBOSH) இன்டர்நேஷனல் டிப்ளமோ இளங்கலையின் இறுதி நிலைக்கு இணையாக வைக்கப்பட்ட தகுதி. அளவில் அது முழுப் பட்டம் ஆகாது, ஆனாலும் அதை வைத்து முதுகலைக்கு இடம் கொடுக்கும் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் உண்டு. ஹல் பல்கலைக்கழகம் நெபோஷோடு சேர்ந்தே அப்படி நடத்தியிருக்கிறது. ஊரில் கோச்சிங் சென்டர்கள் போஸ்டர் ஒட்டி விற்பது நெபோஷின் ஐஜிசி சான்றிதழ். அது கீழ்நிலை, இதற்கு உதவாது. குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மதிப்பு இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். வருடக் கணக்கை மட்டும் சொன்னால் மதிப்பு குறைவுதான். ‘இருபது ஆண்டு அனுபவம், பல பெரிய திட்டங்கள்’ என்று எழுதும் விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கும். உங்கள் விண்ணப்பத்துக்கு வேண்டிய சரக்கு, போகிற போக்கில் நீங்கள் சொன்ன அந்த லாரி கிரேன். அதை எழுதுங்கள். சிங்கப்பூரின் 2011ஆம் ஆண்டு கிரேன் விதிகள் லிஃப்டிங் பிளான், லிஃப்டிங் சூப்பர்வைசர், சுமையைக் கட்டும் ரிக்கர், சிக்னல்மேன் எல்லாம் கேட்கின்றன. அன்றைக்கு யார் யார் இருந்தார்கள்? பிளான் எழுதியது எந்தத் தேதி, அன்று தரை காய்ந்திருந்ததா? பிளேட் அமுங்கியதை முதலில் பார்த்தது நீங்களா, ரிக்கரா? அவர் பார்த்திருந்தால் ஏன் வாயைத் திறக்கவில்லை? நிறுத்தியதால் எத்தனை மணி நேரம் போனது, திட்டியவர்களின் கணக்கு என்ன? மறுநாள் நடைமுறையில் எதை மாற்றினீர்கள்? மழை பெய்தால் பிளானைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும் யாரும் பார்க்கவில்லை பாருங்கள், முதுகலை ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது. பெயர்களை எடுத்துவிட்டு ஆங்கிலத்தில் நாலைந்து பக்கம் எழுதிப் பாருங்கள். வேலைக்கு முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங் பதிவு, போட்டோ, நூலிழையில் தப்பிய விபத்தைப் பற்றிய நியர் மிஸ் ரிப்போர்ட் எதையும் கம்பெனி அனுமதி இல்லாமல் வெளியே எடுக்காதீர்கள். எழுதுவது பெரும் பாடாக இருந்தால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. முதுகலை முழுக்க இந்த மாதிரி எழுத்துதான்.

பரிந்துரைக் கடிதமும் கேட்பார்கள். உங்களிடம் பழகி மேனேஜரான அந்தத் தம்பியிடமே கேளுங்கள். கசக்கத்தான் செய்யும். ஆனால் இப்போது உங்களுக்கு மேலே இருப்பவரும் அவர்தான், உங்களிடம் கற்றவரும் அவர்தான். வேறு யாரால் இரண்டையும் எழுத முடியும்?

இனி உங்கள் ஏஜென்ட். அனுபவத்துக்கு நிஜமாகவே இடம் கொடுக்கிறவர்கள் அனுபவத்தைத் துருவுவார்கள். இவர் பாஸ்போர்ட் நகலும் முன்பணமும் மட்டும் கேட்டிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ‘அரசிடம் பதிவு பெற்ற பள்ளி’ என்பார். இங்கே தனியார் கல்வி நிலையம் நடத்தப் பதிவு வேண்டும் என்பது சரி. ஆனால் பதிவு செய்ததாலேயே பாடத்துக்கு அரசு தரச்சான்று கொடுத்துவிட்டதாக ஆகாது. பட்டத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும் என்று கேட்டு, அந்தப் பல்கலைக்கழகத்துக்கே எழுதி உறுதி செய்யுங்கள். எம்.பி.ஏ.வே எனக்குத் தேவையற்றதாகப் படுகிறது. சேஃப்டியில் இத்தனை காலம் இருந்துவிட்டு மார்க்கெட்டிங் பாடத்துக்குப் பணம் கட்டுவானேன்?

எச்ஆர் ‘இளங்கலை கட்டாயம்’ என்று பதில் போட்டால், வேலை பார்த்துக்கொண்டே இளங்கலை படிக்க சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. உங்கள் டிப்ளமோவுக்கு ஏதாவது பாட விலக்கு உண்டா என்று அவர்களிடம் கேளுங்கள். 40 வயது கடந்த குடிமக்களுக்கு 2024 மே மாதம் கொடுத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை உங்கள் கணக்கிலும் இருக்கும். அரசு மானியம் பெறும் பகுதிநேர இளங்கலைக்கு அதைப் பயன்படுத்தலாம், காலாவதித் தேதி கிடையாது. அதனால் எச்ஆர் பதில் வரும்வரை எங்கும் பணம் கட்டாதீர்கள்.