கேஸ் அடுப்பு மெக்கானிக்கிடம் கேளுங்கள்

வணக்கம். மதுரையில் கேஸ் அடுப்பு சர்வீஸ் செய்கிறேன். அடுப்பு, பர்னர், ட்யூப், ரெகுலேட்டர் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். சிலிண்டர் ஏன் தாமதம், மானியம் ஏன் வரவில்லை என்பதெல்லாம் ஏஜென்சியில் கேட்க வேண்டியது. கேள்வி எழுதுவதற்கு முன் ஒரு வேலை: உங்கள் வீட்டு ஆரஞ்சு ட்யூப்பில் அச்சடித்திருக்கும் வருடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி (திண்டுக்கல்): அண்ணா, கொஞ்ச நாளாகச் சுடர் மஞ்சளாக எரிகிறது. பாத்திரத்தின் அடியெல்லாம் கரி. பர்னரை மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். பத்தில் எட்டு அடுப்புக்குக் கழுவினாலே போதும்.

கேஸ் நீலமாக எரிய வேண்டுமென்றால் பர்னருக்குப் போகும் வழியிலேயே காற்றோடு கலக்க வேண்டும். அடுப்பின் அடியில் பார்த்தால் நாப்புக்குப் பின்னால் சின்னதாக ஒரு பித்தளை ஜெட் இருக்கும். அதற்கு எதிரே மிக்ஸிங் ட்யூப்பின் வாய். ஜெட்டிலிருந்து பீய்ச்சும் கேஸ், அந்த இடத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு உள்ளே போகும். அங்கேதான் சிலந்தி வலை கட்டும், கரப்பான் முட்டையிடும், பொங்கி வழிந்த பால் பொருக்காகக் காயும். காற்று போகும் வழி அடைந்தால் சுடர் மஞ்சளாகும், கரி பிடிக்கும். கரி வருகிறது என்றால் கேஸ் முழுசாக எரியவில்லை, கண்ணுக்குத் தெரியாத விஷவாயுவான கார்பன் மோனாக்சைடும் கூடவே வருகிறது என்று அர்த்தம். அதனால் இது பாத்திரம் தேய்க்கிற கஷ்டம் மட்டும் இல்லை. சரியாகும் வரை ஜன்னலைத் திறந்து வைத்துச் சமையுங்கள்.

முதலில் பர்னர் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் தூக்கி இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் மஞ்சள் நாக்கு நீளும். அப்புறம் பர்னர் ஆறியதும் எடுத்து, சோப்புத் தூள் போட்ட வெந்நீரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். பித்தளை என்றால் புளி போட்டுத் தேய்ப்பார்கள், தப்பில்லை. ஆனால் புளிச் சக்கை துளையில் தங்காமல் அலச வேண்டும். ஓட்டைகளை ஊக்கால் குத்தலாம். தலைகீழாகக் கவிழ்த்து நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். ஈரத்தோடு போட்டால் சுடர் துள்ளும், டப் டப் என்று அணையும்.

ஊக்கு பர்னர் துளைக்கு மட்டும்தான். ஜெட்டைக் குத்தக் கூடாது. அதன் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, பித்தளை மெத்தென்ற உலோகம். ஒரு தடவை பெரிதாகிவிட்டால் கேஸ் கூடுதலாகப் பாயும், எவ்வளவு கழுவினாலும் மஞ்சள் போகாது. ஜெட்டுக்கு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

சாம்பார் பொங்கிய பிறகு கொஞ்ச நேரம் ஆரஞ்சு நிறம் தெறித்தால் அது உப்பு, கவலை வேண்டாம். சிலிண்டர் தீரும் கடைசி நாளிலும் சுடர் கொஞ்சம் நிறம் மாறும்.

ட்யூப் வருடம் என்னவென்று நீங்கள் எழுதவே இல்லை.

கேள்வி (தாம்பரம்): எனக்கும் மஞ்சள் சுடர்தான். என்ன செய்யலாம்?

பதில்: மேலே எழுதியிருக்கிறேன், படியுங்கள்.

கேள்வி (விருதுநகர்): கேஸ் வாடை வந்தால் உடனே எக்ஸாஸ்ட் ஃபேன் போடலாமா? என் வீட்டுக்காரர் போடச் சொல்கிறார்.

பதில்: கூடவே கூடாது. சுவிட்ச் போடும்போதும் பொறி வரும், அணைக்கும்போதும் பொறி வரும். எரிகிற லைட் எரியட்டும், அணைந்த லைட் அணைந்தே இருக்கட்டும்.

நம் சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தரையாகப் பரவி மூலையில், பீரோவுக்கு அடியில் தங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். அதனால் நின்ற இடத்தில் வாடை லேசாக இருக்கிறதே என்று நினைக்கக் கூடாது, காலடியில் அதிகமாக இருக்கலாம்.

செய்ய வேண்டியது: நாப்புகளை மூடி, ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு ஜன்னல் எல்லாம் திறங்கள், முக்கியமாகத் தரைவரை திறக்கும் கதவுகளை. பூஜை விளக்கு, ஊதுவத்தி எரிகிறதா பாருங்கள். ஃப்ரிட்ஜ் தானாகவே ஓடி நிற்கும், அதிலும் பொறி உண்டு. மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே இருந்தால் அங்கே அணைத்துவிடுங்கள், உள்ளே இருந்தால் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடிய பிறகும் சிலிண்டர் தலையில் உஸ் என்று சத்தம் கேட்டால், ரெகுலேட்டரைக் கழற்றி, கயிற்றில் தொங்கும் பிளாஸ்டிக் மூடியை அழுத்தி மாட்டுங்கள். அந்த மூடியைப் பிய்த்துத் தூக்கிப்போடுகிறவர்களுக்கு என்ன சொல்வது! பிறகு எல்லாரும் வெளியே வந்து, வெளியே நின்று 1906-க்குப் போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கென்றே உள்ள எண், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். தீப்பிடித்துவிட்டால் 101.

கசிவைக் கண்டுபிடிக்கத் தீக்குச்சி கொளுத்திக் காட்டுகிற வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள். சோப்பு நுரையைத் தடவினால் போதும், கசிகிற இடத்தில் கொப்பளம் வரும்.

கேள்வி (பெயர் வேண்டாம்): நாப் இறுகிவிட்டது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

பதில்: விடாதீர்கள். உள்ளே வெப்பம் தாங்கும் தனி கிரீஸ் போட்டிருக்கும், கேஸ் வெளியே வராமல் அடைப்பதும் அதுதான். எண்ணெய் அந்த கிரீஸைக் கரைத்துவிடும். முதல் வாரம் நாப் வெண்ணெய் மாதிரி திரும்பும், அடுத்து நாப் ஓரமாக வாடை வரும். கழற்றித் துடைத்து கிரீஸ் போட வேண்டும்.

கேள்வி (ஓசூர்): பர்னர் மேல் வைக்கிற கேஸ் சேவர் ஜாலி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். சுடரை மறித்தால் கேஸ் மிச்சமாகாது, கரிதான் மிஞ்சும்.

கேள்வி (காரைக்குடி): தம்பி, எங்கள் மாமியார் காலத்திலிருந்து இரவில் முதலில் ரெகுலேட்டரை மூடி, சுடர் தானாக அணைந்த பிறகுதான் நாப்பை மூடுவோம். ட்யூப்பில் இருக்கிற கேஸ் எரிந்து தீர்ந்துவிடும் அல்லவா? என் மருமகள் நாப்பை மூடிவிட்டு ரெகுலேட்டரை மூடுகிறாள், சில நாள் ரெகுலேட்டரை மூடுவதே இல்லை. யார் சரி?

பதில்: அம்மா, இரவில் ரெகுலேட்டரை மூடும் விஷயத்தில் நீங்கள்தான் சரி. ட்யூப்பை எலி கடித்தாலும் சரி, கிளிப் தளர்ந்தாலும் சரி, ரெகுலேட்டர் மூடியிருந்தால் நிம்மதி.

இடையில் ஒருவர் (கோவை, என்ஜினியர் என்கிறார்): ட்யூப் காலியாகும் என்பது தவறு. ட்யூப்புக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம்தான் கூடுதல். வெளிக்காற்றின் அழுத்தம் ஆயிரம் கிராமுக்கு மேல். அந்தக் கூடுதல் மூன்று சதவீதம் வெளியேறியதும் தள்ள ஆள் இல்லை, சுடர் அணைந்துவிடும். மீதி கேஸ் ட்யூப்புக்குள்ளேயேதான் இருக்கும்.

காரைக்குடி அம்மா: அப்படியானால் இவ்வளவு காலம் நாங்கள் செய்தது வீணா?

வேறொருவர் (நாகர்கோவில்): தினமும் ரெகுலேட்டரைத் திருகினால் அது தேயாதா? எங்கள் வீட்டில் புது சிலிண்டர் மாட்டும்போது மட்டும்தான் தொடுவோம்.

பதில்: ஒவ்வொருவராக வருகிறேன். நாகர்கோவில்காரரே, திறந்து மூடுவதற்குத்தான் அதில் திருகு வைத்திருக்கிறார்கள். தொடாமலே விட்டால்தான் இறுகும், அவசரத்துக்கு மூட வராது.

கோவை தம்பி சொல்கிற கணக்கு சரி. ஒன்றரை மீட்டர் ட்யூப் முழுக்கக் கேஸ் இருந்தாலும் எழுபது, எண்பது மில்லிதான் வரும், கால் டம்ளர் அளவு. அதை எரித்துத் தீர்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் அம்மா செய்வது வீண் இல்லை. அந்த முறைக்கு வேறொரு பயன் இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. ரெகுலேட்டரை மூடியும் சுடர் சில விநாடியில் அணையவில்லை என்றால் ரெகுலேட்டர் பாஸ் ஆகிறது, அதாவது மூடியும் மூடவில்லை. நாப்பை முதலில் மூடுகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. ரெகுலேட்டர் மூடியிருக்கிறது என்று நம்பித் தூங்குவார்கள்.

காரைக்குடி அம்மா: அப்படிச் சொல்லுங்கள் தம்பி. மருமகளுக்குக் காட்டுகிறேன்.

கோவை: ஆனால் சுடர் அணைந்ததும் நாப்பை மூட மறந்துவிட்டால்? காலையில் ரெகுலேட்டரைத் திறந்ததும் கேஸ் வெளியே வரும், நெருப்பு இருக்காது.

பதில்: அதுதான் இந்த முறையின் ஆபத்து. நானே அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறேன். சுடர் அணையக் காத்திருந்த நேரத்தில் வாசலில் மணி அடித்தது, கதவைத் திறக்கப் போனவர் நாப்பை மறந்துவிட்டார். காலையில் வீட்டுப் பெரியவர் ரெகுலேட்டரைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டி தேடப் போனார். வாடை மூக்கில் ஏறியதால் தப்பித்தார்கள்.

அதனால் என் யோசனை: தினமும் இரவு நாப்பை மூடி, பிறகு ரெகுலேட்டரை மூடுங்கள். வாரம் ஒரு நாள் மட்டும் அம்மா சொன்ன முறைப்படி ரெகுலேட்டரை முதலில் மூடி, அடுப்பை விட்டு நகராமல் நின்று, சுடர் அணைவதைப் பார்த்து, அங்கேயே நாப்பையும் மூடுங்கள். காலையில் ரெகுலேட்டரைத் திறக்குமுன் எல்லா நாப்பும் மூடியிருக்கிறதா என்று ஒரு பார்வை.

வேறொருவர் (தேனி): என் மாமியாரும் இதையே...

பதில்: சரி, மாமியார் மருமகள் வழக்கை இத்தோடு முடித்துக்கொள்வோம். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (சென்னை): எங்கள் அடுக்ககத்தில் குழாய் கேஸ் வரப்போகிறது. பழைய அடுப்பே போதுமா?

பதில்: அடுப்பு போதும், ஜெட்டை மாற்ற வேண்டும். குழாயில் வருவது இயற்கை எரிவாயு, அதே அளவு கேஸுக்குச் சூடு குறைவு. அதனால் பெரிய துளை ஜெட் போடுவார்கள். இணைப்புக் கொடுக்க வருகிறவர்களையே மாற்றச் சொல்லுங்கள். நாளைக்கு வீடு மாறி அதே அடுப்பைச் சிலிண்டரில் மாட்டினால் சுடர் ஆளுயரம் எழும்பும், பழைய ஜெட்டைத் திரும்பப் போடாமல் பற்றவைக்காதீர்கள். இன்னொன்று, குழாய் கேஸ் காற்றைவிட லேசு. கசிந்தால் மேலே போகும். விட்டத்துக்கு அருகில் காற்று வழி இருக்க வேண்டும்.

கேள்வி (ஈரோடு): கண்ணாடி அடுப்பு வெடித்துவிட்டது. அப்போது அடுப்பு எரியவும் இல்லை. கம்பெனி பொறுப்பேற்க மாட்டேன் என்கிறது.

பதில்: கம்பெனி விவகாரத்தை நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் பாருங்கள். வெடிக்கும் காரணம் பெரும்பாலும் பழைய காயம். டஃபன்ட் (வலுவேற்றிய) கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சின்னச் சில்லு பெயர்ந்திருந்தால் போதும், எப்போதோ ஒரு நாள் மொத்தமும் பொடியாகும். தாங்கியை விட அகலமான அண்டாவை வைத்து மணிக்கணக்கில் எரித்தால் சூடு கீழே திரும்பிக் கண்ணாடியை அடிக்கும். சூடாக இருக்கும்போது ஈரத்துணியால் துடைப்பதும் அப்படித்தான். பெரிய பாத்திரத்தில் சமைக்கிற வீடு என்றால் ஸ்டீல் அடுப்பு வாங்குங்கள். பார்க்க அழகு இல்லை, தொல்லையும் இல்லை.

கேள்வி (திருவாரூர்): மஞ்சளாக எரிகிறது, கேஸ் கலப்படமா?

பதில்: இல்லை. பர்னரைக் கழுவுங்கள். இதற்கு மேல் மஞ்சள் சுடர் கேள்விக்குப் பதில் கிடையாது.

கேள்வி (நாமக்கல்): சிலிண்டர் மேல் C-27 என்று இருக்கிறது. கேஸ் காலாவதி தேதியா?

பதில்: கேஸுக்குக் காலாவதி கிடையாது. அது சிலிண்டரைச் சோதிக்க வேண்டிய தேதி. A என்றால் ஜனவரி முதல் மார்ச், B ஏப்ரல் முதல் ஜூன், C ஜூலை முதல் செப்டம்பர், D கடைசி மூன்று மாதம். உங்களுடையது 2027 செப்டம்பர் வரை. தேதி தாண்டிய சிலிண்டர் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். கொண்டுவருகிறவரை எடை போடச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. கேஸ் மட்டும் 14.2 கிலோ, சிலிண்டர் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும். மூடியைத் திறந்ததும் வால்வுக்குள் கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறதா என்று அவர் முன்னாலேயே பாருங்கள். அது இல்லையென்றால் ரெகுலேட்டர் மாட்டியதும் கசியும்.

கேள்வி (பழனி): ட்யூப் 2016. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இன்னும் ஒரு வருடம் ஓட்டலாமா?

பதில்: கடைசியில் ஒருவராவது பார்த்தீர்களே! ஆனால் ஓட்டக் கூடாது. ஐந்து வருடம்தான் கணக்கு. மேலே பளபளப்பாக இருக்கும், அடுப்பு முனையில் கழற்றி லேசாக மடக்கிப் பார்த்தால் வெடிப்பு தெரியும். உள்ளே கம்பி வலை வைத்த ஐஎஸ்ஐ ட்யூப் ஏஜென்சியிலேயே கிடைக்கும். ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒட்டுப் போட வேண்டாம், மேலே துணி உறை மாட்டி மறைக்கவும் வேண்டாம்.

கேள்வி (தேனி): சார், வழக்கு இல்லை, நிஜமாகவே கேட்கிறேன். இப்போதுதான் ரெகுலேட்டரை மூடிப் பார்த்தேன். சுடர் சின்னதாகிவிட்டது, ஆனால் அணையவில்லை. இன்னும் எரிகிறது.

பதில்: நாப்பை மூடுங்கள். ரெகுலேட்டரைக் கழற்றி சிலிண்டர் மூடியை மாட்டுங்கள். இன்று இரவு அந்த அடுப்பு வேண்டாம். நாளைக் காலையில் ரெகுலேட்டரையும் கேஸ் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு ஏஜென்சிக்குப் போங்கள், பழையதை வாங்கிக்கொண்டு வேறு தருவார்கள். வெளிக்கடையில் விற்கிற ரெகுலேட்டரை வாங்காதீர்கள். புதிதை மாட்டியதும் இதே மாதிரி மூடிப் பார்த்து, அணைந்ததா இல்லையா என்று இங்கே எழுதுங்கள்.