அப்பாவுக்கு ஒரு மாத்திரை, அம்மாவுக்கு வேறொன்று: ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள்

கேள்வி: சில மாதங்களுக்கு முன் அப்பாவுக்கு (62) மாரடைப்பு வந்தபோது, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு, மறுநாள் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறார். அம்மாவுக்கு (57) இதயத்தின் மைட்ரல் வால்வை மாற்றி உலோக வால்வு பொருத்தியிருக்கிறார்கள், அவருக்கு அசினோகூமரால். இரண்டுமே ரத்தம் உறையாமலிருக்கத்தான் என்றால், அம்மாவுக்கு மட்டும் ஏன் மாதாமாதம் ரத்தப் பரிசோதனை? அவர் கீரையே சாப்பிடக் கூடாதா? அடுத்த வாரம் அவருக்குப் பல் எடுக்க வேண்டும். ஐந்து நாள் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார் உறவினர் ஒருவர். நிறுத்தலாமா?

பதில்: அவசரமானது கடைசிக் கேள்வி என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். நீங்களாக நிறுத்தாதீர்கள். உறவினர் சொல்லும் ஐந்து நாள் கணக்கு, பெரிய அறுவைச் சிகிச்சைகளுக்கு முன், அசினோகூமரால் வகையைச் சேர்ந்த வார்ஃபரின் மாத்திரையை நிறுத்தும் வழக்கத்திலிருந்து வந்திருக்கலாம். அப்படி நிறுத்தும்போதும், உலோக வால்வு உள்ளவர்களுக்கு இடைப்பட்ட நாள்களில் பெரும்பாலும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டு வால்வைக் காப்பார்கள். ஓரிரு பற்களை எடுப்பதற்குப் பொதுவாக மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. முந்தைய நாள் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் எண்; அம்மாவுக்கு மாதாமாதம் பார்ப்பது இதைத்தான்) பார்த்து, அது உரிய எல்லைக்குள் இருந்தால் பல்லை எடுத்துத் தையல் போட்டு, பஞ்சை அழுத்திக் கடிக்கச் சொல்லி, தேவையானால் ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலக் கரைசலால் வாய் கொப்பளிக்க வைத்தால் ரத்தக்கசிவு நின்றுவிடும். பலர் மறந்துவிடும் இன்னொன்றும் உண்டு: செயற்கை வால்வு உள்ளவருக்குப் பல் எடுப்பதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பாக ஆன்டிபயாடிக் தர வேண்டும். ஆகவே வால்வு பற்றிப் பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

இனி மருந்துகளுக்கு வருவோம். ரத்தக்கட்டியில் இரண்டு முக்கியப் பொருள்கள் உண்டு: ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் தட்டணுக்கள், அவற்றைச் சுற்றி வலையாகப் பின்னும் ஃபைப்ரின் என்ற புரத இழைகள். ரத்தம் வேகமாகப் பாயும் இதயத் தமனியில் கொழுப்புப் படிவு வெடிக்கும்போதும், ஸ்டென்ட்டின் உலோகக் கம்பி ரத்தத்தில் படும்போதும் தட்டணுக்களே முதலில் வந்து குவிகின்றன. உலோக வால்வின் மேலோ, ரத்தம் தேங்கும் இடத்திலோ உருவாகும் கட்டியில் ஃபைப்ரினின் பங்கு அதிகம். அதனால்தான் உங்கள் பெற்றோரின் மாத்திரைகள் ஒன்றுக்கொன்று மாற்றாக முடியாது.

அப்பாவின் ஆஸ்பிரின், தட்டணுக்கள் மற்ற தட்டணுக்களை அழைக்கப் பயன்படுத்தும் திராம்பாக்ஸேன் என்ற வேதிப்பொருளை உற்பத்தி செய்யும் நொதியை முடக்குகிறது. குளோபிடோக்ரெல் அவ்வகையில் வேறொரு சமிக்ஞையை ஏற்கும் வாயிலை அடைக்கிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லாததால், முடங்கிய நொதிக்குப் பதிலாகப் புதிதாக ஒன்றை அதனால் செய்துகொள்ள இயலாது. 7 முதல் 10 நாள் வரையிலான அதன் ஆயுள் முழுதும் அந்த முடக்கம் நீடிக்கும். அளவு நிலையாக இருப்பதால் மாதாந்திரப் பரிசோதனை தேவைப்படுவதில்லை. ஆனால் ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் இவற்றை நிறுத்தினால் ஸ்டென்ட் திடீரென அடைபடும் ஆபத்து உண்டு.

அம்மாவின் மருந்து வேலை செய்யும் இடம் கல்லீரல். உறைதலுக்கான 2, 7, 9, 10 ஆம் காரணிகள் என்ற புரதங்களைச் செயல்படும் நிலைக்குக் கொண்டுவரக் கல்லீரலுக்கு வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட வைட்டமினை அது புதுப்பித்து மீண்டும் பயன்படுத்துகிறது. அசினோகூமரால் அந்தப் புதுப்பித்தலைத் தடுக்கிறது. ஏற்கெனவே ரத்தத்தில் ஓடும் காரணிகள் தீர வேண்டும் என்பதால், இன்று மாற்றிய அளவின் முழு விளைவு இரண்டு மூன்று நாள் கழித்தே தெரியும். எத்தனை மில்லிகிராம் போதும் என்பதும் ஆளுக்கு ஆள், மரபணுவுக்கு ஏற்ப, உணவுக்கு ஏற்ப மாறுகிறது. இயல்பான ஐ.என்.ஆர். 1 அளவில் இருக்கும். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு இருந்தால் 2.5 முதல் 3.5 வரை வைத்திருக்க முயல்கிறோம். குறைந்தால் வால்வில் கட்டி, கூடினால் ரத்தக்கசிவு. பரிசோதனை வேண்டாத டாபிகாட்ரான், ரிவராக்ஸபான் போன்ற புதிய மாத்திரைகளுக்கு மாறலாமே என்று யாராவது சொல்லக்கூடும். உலோக வால்வு உள்ளவர்களுக்கு அவை கூடாது.

கீரையை விலக்க வேண்டியதில்லை. முருங்கைக்கீரையிலும் பசலையிலும் வைட்டமின் கே மிகுதி என்பது உண்மைதான். ஆனால் ஒரு மாதம் அறவே தொடாமல் இருந்துவிட்டு அடுத்த மாதம் தினமும் பொரியல் செய்வதுதான் ஐ.என்.ஆரைத் தடுமாற வைக்கும். வாரத்துக்கு இரண்டு நாள் கீரை என்பது அம்மாவின் வழக்கமானால், அது அப்படியே தொடரட்டும். அதற்கேற்ப அளவை மருத்துவர் வகுத்துக்கொள்வார். என் அனுபவத்தில் கீரையைவிட அதிகம் தொல்லை தருவது மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள்தான். மெட்ரோனிடசோல், ஃப்ளூகோனசோல் போன்றவை ஐ.என்.ஆரை வெகுவாக உயர்த்தும். டைக்ளோஃபெனாக் வகை வலிமாத்திரை இரைப்பையில் ரத்தக்கசிவை உண்டாக்கும். வலிக்குக் குறைந்த அளவில் பாராசிட்டமால் போதும். ஒருநாள் மாத்திரை மறந்தால், மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

அப்பாவுக்குப் போட்ட ஊசி முற்றிலும் வேறு வகை. மேலே சொன்ன மாத்திரைகள் கட்டி உருவாவதையும் வளர்வதையும் தடுக்கின்றன; இருக்கும் கட்டியை அவை கரைப்பதில்லை. ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டெப்ளேஸ் போன்ற ஊசிகள் ரத்தத்திலுள்ள பிளாஸ்மினோஜனைப் பிளாஸ்மினாக மாற்றுகின்றன; அந்தப் பிளாஸ்மின் ஃபைப்ரின் இழைகளை அறுத்துவிடுகிறது. நாள்பட்ட கட்டி இறுகிவிடுவதால், மாரடைப்பில் 12 மணி நேரத்துக்குள், அதிலும் முதல் சில மணி நேரத்திலேயே பலன் அதிகம். ரத்த அடைப்பால் வரும் பக்கவாதத்தில் அல்டெப்ளேஸ் ஊசிக்கு 4.5 மணி நேரமே வழக்கமான எல்லை. வேண்டாத கட்டி எது, மூளைக்குள் ஒரு சிறு புண்ணை அடைத்து நிற்கும் கட்டி எது என்று பிளாஸ்மினுக்குத் தெரியாது. எனவே இது மருத்துவமனையில், கண்காணிப்பில் மட்டுமே போடப்படும். உங்கள் அம்மாவுக்கு இது தேவைப்படக்கூடிய ஒரு நிலை, வால்வில் கட்டி படிந்து அது சரியாகத் திறந்து மூடாமல் போவது. அமைதியான இரவில் கேட்கும் வால்வின் ‘டிக்’ ஒலி மங்கினாலோ, திடீரென மூச்சுத்திணறல் வந்தாலோ உடனே அழைத்துச் செல்லுங்கள்.

இருவருக்கும் பொதுவான எச்சரிக்கைகள்: தார் போன்ற கருமலம், சிறுநீரில் ரத்தம், நிற்காத மூக்குக்கசிவு. தலையில் அடிபட்டால், வெளியில் காயமே தெரியாவிட்டாலும், அன்றே மருத்துவமனைக்குச் சென்று, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை முதலில் சொல்லுங்கள், சி.டி. ஸ்கேன் எடுப்பதா என்பதை அவர்கள் அதை வைத்தே முடிவு செய்வார்கள்.