தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஊட்டலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஏழு மாதம் ஆகிறது. ஆறு மாதம் முடிந்ததும் திட உணவு ஆரம்பித்தேன். ஆப்பிளை வேகவைத்து, மிக்ஸியில் அரைத்து, வடிகட்டிக் கொடுக்கிறேன். இரண்டு வாய்க்கு மேல் துப்பிவிடுகிறாள். மாமியாரோ ராகிக் கூழில் கருப்பட்டி போட்டுக் கொடு, நாக்கில் தேன் தடவு என்கிறார். அவர் பார்த்தால் ஏதாவது சொல்வார் என்று கதவைச் சாத்திக்கொண்டுதான் ஊட்டுகிறேன். கணவர் கம்பெனியிலிருந்து வர இரவு ஒன்பது மணி ஆகிவிடும். ஆப்பிள் நல்லதா, ராகி நல்லதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: ராகி. அந்தக் கேள்வி முடிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு ஊட்டுகிறேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேசலாம்.

அந்த அறைக்குள் உங்கள் மகள் என்ன பார்க்கிறாள்? ஒரு கிண்ணம், ஒரு ஸ்பூன், இந்த வாயையாவது விழுங்குவாளா என்று கவலையோடு பார்க்கும் உங்கள் முகம். வேறு யாரும் எதையும் சாப்பிடவில்லை. பெரியவர்களான நாமே அப்படி ஒருவர் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பிட மாட்டோம். சாப்பிடுவதைக் குழந்தை பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது. தாத்தா மென்று விழுங்குவதையும், பாட்டி சோற்றை உருட்டி வாயில் போடுவதையும் பார்த்தால்தான் அதற்கும் கை நீளும். நீங்கள் அவளை அந்தப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை.

சரி, யாருக்குப் பயந்து இந்தக் கதவு? உங்கள் கணவரை ஊட்டி வளர்த்தவருக்கு. அவர் சொல்வதில் தப்பும் இருக்கிறது, சரியும் இருக்கிறது. தப்பை நேரில் சொல்லத் துணியாமல் தாழ்ப்பாளிடம் விட்டுவிட்டதால், சரியானதையும் சேர்த்து வெளியே நிறுத்திவிட்டீர்கள். இது எனக்குப் பிடிக்கவில்லை. பேரக்குழந்தை சாப்பிடுவதைப் பார்ப்பது பாட்டியின் உரிமை. வாய் கொஞ்சம் நீளமானவராக இருந்தாலும் அந்த உரிமை போய்விடாது.

தேன் மட்டும் கூடவே கூடாது. ஒரு வயது முடியும்வரை ஒரு துளிகூட வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். தசைகள் தளர்ந்து, மூச்சுவிடவே சிரமமாகிற அளவுக்குப் போகலாம். கருப்பட்டியும் இனிப்புதான், இப்போது தேவையில்லை. ஆனால் ராகி விஷயத்தில் உங்கள் அத்தை சொல்வதுதான் சரி. பிறக்கும்போது குழந்தை உடம்பில் இருந்த இரும்புச்சத்துச் சேமிப்பு ஆறு மாத வாக்கில் குறைந்துவிடும். தாய்ப்பாலில் அந்தச் சத்து கொஞ்சம்தான். நீங்கள் வடிகட்டிக் கொடுக்கும் ஆப்பிளிலும் அது மிகக் குறைவுதான். முளைகட்டிய ராகி, குழைய வெந்த பருப்பு சாதம், மசித்த கீரை, நன்றாக வெந்த முட்டை எல்லாம் இப்போதே கொடுக்கலாம். புதிது எதையும் ஒவ்வொன்றாகத்தான் ஆரம்பிக்க வேண்டும். வீட்டுக்குச் சமைப்பதிலேயே உப்பு போடுமுன் அவளுக்கு எடுத்து வைத்துவிடுங்கள்.

வடிகட்டியைத் தூக்கி உள்ளே வையுங்கள். ஸ்பூனைச் சாய்த்தால் தண்ணீராக ஓடாத பதம் வேண்டும். இந்த வயதில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை, வேளைக்கு இரண்டு மூன்று ஸ்பூனில் ஆரம்பித்து மெல்லக் கூட்டலாம். தாய்ப்பால் கேட்கும்போதெல்லாம் தொடரட்டும். துப்புகிறாள் என்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, நாக்கு உள்ளே தள்ளப் பழகவில்லை. ஒரே உணவை எட்டுப் பத்து தடவை கொடுத்த பிறகுதான் சில குழந்தைகள் வாங்கும்.

அடுத்து உங்கள் கணவர். அவரைப் பற்றி நீங்கள் எழுதியது, வீட்டுக்கு வரும் நேரம் மட்டும். எனக்கு வருகிற கடிதங்களில் இந்த ‘அவருக்கு நேரமில்லை’ வராத மாதமே இல்லை. இரவு ஒன்பது மணிக்கு வருகிறவர் காலையில் வீட்டில்தானே இருக்கிறார்? கிளம்புமுன் பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து ஒரு வேளை ஊட்டிவிட்டுப் போகட்டும். தேன் வேண்டாம் என்று அவருடைய அம்மாவிடம் சொல்ல வேண்டியதும் அவர்தான். மருமகள் சொன்னால் அது எதிர்த்துப் பேசுவது. மகன் சொன்னால் டாக்டர் சொன்ன சேதி. இந்த நியாயம் எனக்கும் பிடிக்காது, ஆனால் வீடுகள் இப்படித்தான் நடக்கின்றன.

மதியம் எல்லோரும் சாப்பிட உட்காரும்போது அவளையும் நடுவில் உட்கார வையுங்கள். ஒரு வாய் அத்தை கொடுக்கட்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்த வேளைக்கு அவ்வளவுதான், யாரும் வாயைப் பிடித்துத் திணிக்கக் கூடாது. அடுத்த மாதம் தடுப்பூசிப் புத்தகத்தோடு போய் எடை பாருங்கள். ஏறவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம், ஊட்டுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அத்தைக்கு மட்டுமில்லை, உங்கள் கணவருக்கும்தான்.